அடைக்கல மூச்சு

உயிர் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடலை இயக்குவதும் உயிர். எழுத்தை ஒலிக்கச் செய்வதும் உயிர். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகளின் தோற்றத்தைக் கூறுமிடத்து, கொப்பூழிலிருந்து எழும் காற்றானது நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளோடு பொருந்தி ஒலியாகும் முறையை விளக்குகிறது. மூச்சின்றிப் பேச்சில்லை என்பது நம் இலக்கணம் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று.

ஒருவருடைய மூச்சு அவருடையது. அதை அவரே இழுத்து அவரே விடுகிறார். இதில் ஐயம் யாருக்கும் எழுவதில்லை. ஆயினும் ஒருவர் மூச்சு முழுவதும் இன்னொருவர் கையில் நிற்கும் வேளைகள் உண்டு. பிறந்து ஒரு நாளோ இரு நாளோ ஆன பச்சிளங்குழந்தை ஒன்று, மூச்சுவழியில் பிறவிக்குறையோடு அறுவை மேசையில் கிடத்தப்படும் வேளை அவற்றுள் மிகக் கடுமையானது. அக்குழந்தை தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாது, வலிக்கிறதென்றும் சொல்லாது, வாழ விரும்புகிறேன் என்றும் சொல்லாது. அதன் மூச்சை ஏந்தி நிற்பவருக்கு அம்மூச்சின்மீது உள்ள உரிமை யாது? கடமை யாது? இவ்வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. தமக்காகப் பேச இயலாத ஒருவரைப் பேணும் பொறுப்புடைய பெற்றோர்க்கும், ஆசிரியர்க்கும், முதியோரைப் பராமரிப்போர்க்கும் உரியது. மருத்துவ மனையில் அது வினாடிக் கணக்கில் விடை கேட்கிறது. வாழ்வின் பிற இடங்களில் ஆண்டுக் கணக்கில் விடை கேட்கிறது. வேறுபாடு அவ்வளவே.

குறையின் இயல்பு

அறத்தை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். கரு வளரும் முதற்சில வாரங்களில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் ஒரே குழலாகத் தோன்றிப் பின்னர் இரண்டாகப் பிரிகின்றன. சில குழந்தைகளிடத்தில் இப்பிரிவு செவ்வனே நிகழ்வதில்லை. ஏறத்தாழ 3,000 முதல் 4,500 வரையிலான பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறையோடு பிறக்கிறது. இதன் வகைகள் பல. நூற்றுக்கு 85 குழந்தைகளிடம் காணப்படும் வகையில், வாயிலிருந்து இறங்கும் உணவுக்குழல் நெஞ்சினுள் முட்டுச்சந்து போல மூடி நின்றுவிடும். வயிற்றிலிருந்து மேலெழும் கீழ்ப்பகுதியோ மூச்சுக்குழலின் பின்புறத்தில் சென்று துளைவழியே இணைந்திருக்கும்.

இதன் விளைவுகளை எண்ணிப் பாருங்கள். குழந்தை விழுங்கும் உமிழ்நீர் கீழே செல்ல வழியின்றி நுரையாக வாயில் பொங்குகிறது. பால் புகட்டினால் புரையேறி உடல் நீலம் பாரிக்கிறது. வயிற்றின் புளிநீர் அத்துளை வழியாக மேலேறி நுரையீரலை அரிக்கிறது. மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தினால் அது ஏறத்தாழ 10 செ.மீ. ஆழத்தில் தடைபட்டு நின்றுவிடும். அவ்வாறு நிற்பதே நோயை அறிவிக்கும் முதற்குறி. அறுவை மருத்துவம் ஒன்றே இதற்குத் தீர்வு.

அறுவைக்குக் குழந்தையை மயக்க வேண்டும். மயக்கினால் மூச்சுக்குத் துணை வேண்டும். இங்கேதான் பெரிய இக்கட்டு எழுகிறது. பிற நோயாளர்க்கு மயக்க மருத்துவர் முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்துவார். அது நேரே நுரையீரலை அடையும். இக்குழந்தைக்கு அவ்வாறு செய்தால் காற்றின் ஒரு பகுதி துளை வழியாக வயிற்றுக்குள் புகும். வயிறு உப்பி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடமின்றிப் போகும். மூச்சுக் கொடுக்க முயலும் கையே மூச்சைக் கெடுக்கும் கையாகிவிடும். நன்மை செய்யும் விருப்பம் மட்டும் போதாது, நன்மை எவ்வழியே சென்று சேரும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆகவே மருத்துவர்கள் பலர், துளை அடைபடும் வரையில் குழந்தை தன் முயற்சியாலேயே மூச்சுவிடும்படி விட்டு, மிக மென்மையாக மட்டுமே துணைபுரிவர். மூச்சுக்குழலுள் செலுத்தும் குழாயின் நுனி துளையைத் தாண்டி நிற்க வேண்டும். ஆனால் மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தைத் தாண்டிவிடலாகாது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் நீளம் ஏறத்தாழ 4 செ.மீ.தான். குழாயின் உட்புற விட்டமோ 3 அல்லது 3.5 மி.மீ. குழாய் அரை செ.மீ. நகர்ந்தாலும், ஒரு துளிச் சளி அடைத்தாலும் நிலைமை மாறிவிடும். 3 கிலோ எடையுள்ள குழந்தை ஒருமுறை இழுக்கும் காற்று ஏறத்தாழ 20 மில்லி லிட்டர். ஒரு மேசைக்கரண்டி அளவினும் சற்றே மிகுதி. எடைக்கு எடை ஒப்பிட்டால் அக்குழந்தைக்கு வேண்டும் உயிர்வளி பெரியவர்களுக்கு வேண்டுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆதலால் மூச்சுத் தடைபட்டால் தாங்கும் நேரம் மிகக் குறைவு.

அழுத்தும் கை, விலகும் கை

அறுவை மருத்துவர் பொதுவாகக் குழந்தையின் வலப்பக்க விலாவெலும்புகளுக்கிடையே வழி திறப்பார். துளையைக் காண வேண்டுமாயின் வலப்புற நுரையீரலை மெல்ல ஒதுக்கிப் பிடித்தல் வேண்டும். ஒதுக்கப்பட்ட நுரையீரல் விரியாது, உயிர்வளி குறையும். அறுவை மருத்துவர்க்கு இடம் வேண்டும். மயக்க மருத்துவர்க்கும் அதே இடம் வேண்டும். உள்ளங்கையளவே உள்ள அந்நெஞ்சில் இருவருக்கும் ஒருங்கே இடமில்லை.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. உயிர்வளி குறையும்போது மயக்க மருத்துவர் குரல் கொடுப்பார். அறுவை மருத்துவர் தம் வேலை எவ்வளவு நுட்பமான கட்டத்தில் இருப்பினும் கையை எடுத்துக்கொள்வார். நுரையீரல் விரிந்து, குழந்தையின் நிறம் தேறிய பின்னரே வேலை மீண்டும் தொடரும். நன்மை செய்யும் கையும் சில நேரங்களில் அழுத்தும் கையாக அமையும் என்பதை ஒப்புக்கொண்டு, பிறர் சொன்ன மாத்திரத்தில் அதை விலக்கிக்கொள்ளும் பணிவே அந்த அறையின் முதல் அறம். பிள்ளைகளை வளர்க்கும் கைகளுக்கும் இப்பணிவு வேண்டுமன்றோ?

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. முதலில் நிற்பவன் நோயுற்றவன். பேசத் தெரியாத நாள் குழந்தையாயினும் அந்த முதலிடம் அதற்கே உரியது. ஏனைய மூவகையும் அதன் பொருட்டே உள்ளன.

உயிர்மெய் எழுத்தில் உயிர் தன் உருவை மறைத்துக்கொண்டு மெய்யை ஒலிக்கச் செய்வதை நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். மயக்க மருத்துவரின் தொண்டும் அத்தகையதே. குழந்தை பிழைத்தால் அறுவை மருத்துவரின் பெயர் ஊராரால் சொல்லப்படும். ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக் கொடுத்தவரை எவரும் அறியார்.

குறையுடைய ஒருவர் தந்த கொடை

இக்குறையை 1697-இல் தாமஸ் கிப்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விவரித்தெழுதினார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இக்குறையுடன் பிறந்த குழந்தைகளுக்கு மரணமே முடிவாயிற்று. 1939-இல் அமெரிக்காவில் பல கட்ட அறுவைகளின் வழியே முதன்முதலாகச் சிலர் பிழைத்தனர். 1941 மார்ச் மாதத்தில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கேமரன் ஹைட் என்னும் மருத்துவர், பிறந்து 12 நாளான பெண் குழந்தையின் துளையை அடைத்து, உணவுக்குழலின் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து வெற்றி கண்டார். இன்று வசதி நிறைந்த மருத்துவ மனைகளில், கடுமையான இதயக்குறை முதலியன இல்லாத குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர்.

இவ்வளர்ச்சியில் மூச்சுத்துணைக் கருவிகளின் பங்கு பெரிது. பெரியவர்களுக்கென அமைந்த கருவிகளின் தடுக்கிதழ்களைத் தள்ளித் திறக்கும் ஆற்றல் பச்சிளங்குழந்தையின் நெஞ்சுக்கு இல்லை. 1937-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மயக்க மருத்துவர் பிலிப் அய்ர், தடுக்கிதழ் எதுவுமில்லாத, ஆங்கில 'டி' எழுத்து வடிவக் குழாய் ஒன்றை அமைத்தார். ஒரு கிளை வழியே புதுக்காற்று வரும், ஒரு கிளை குழந்தையை நோக்கிச் செல்லும், மற்றொன்று திறந்திருக்கும். 1950-இல் லிவர்பூல் நகரத்து ஜாக்சன் ரீஸ் அத்திறந்த கிளையில் வால் திறந்த சிறு பையொன்றைச் சேர்த்தார். அப்பையை விரல்களால் அழுத்தும்போது குழந்தையின் நுரையீரல் எவ்வளவு விரிகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை மருத்துவர் தம் விரல்நுனியால் உணர்ந்துகொள்ள முடிந்தது. எளிமையான அப்பை இன்றளவும் பயன்பாட்டில் இருக்கிறது.

அய்ர் அக்குழாயை எவர் பொருட்டு அமைத்தார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பிளவுபட்ட உதட்டுடனும் அண்ணத்துடனும் பிறந்த குழந்தைகளின் அறுவைக்காகவே அமைத்தார். அய்ர் தாமே அக்குறைகளுடன் பிறந்தவர். பிறப்பிலேயே குறையுடையது என்று எண்ணி அன்று ஒரு குழந்தை கைவிடப்பட்டிருந்தால், பிற்காலத்துக் குழந்தைகள் எத்தனையோ பேர் அக்குழாயின் பயனை இழந்திருப்பர். ஒருவர் பயனுள்ளவராக வளர்வார் என்பதற்காகவே அவரைக் காக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பயனை முன்கூட்டியே கணக்கிடும் ஆற்றல் நமக்கில்லை என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது.

பேசாதவரின் நோவு

மூச்சைக் காப்பதில் முனைந்த மருத்துவம் நெடுங்காலம் ஒன்றை மறந்திருந்தது. தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்தினால் உடல் அசையாது, மூச்சு நிற்கும், கருவியே மூச்சுக் கொடுக்கும். ஆனால் அம்மருந்து வலியைப் போக்காது, உணர்வையும் நீக்காது. 1980-களின் நடுப்பகுதி வரையிலும் உலகின் முன்னணி மருத்துவ மனைகள் பலவற்றில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தகைய மருந்தோடு மிகச் சிறிதளவே வலிநீக்கம் தந்தோ, சில வேளை எதுவுமே தராமலோ அறுவை செய்யும் வழக்கம் இருந்தது. 1985-இல் அமெரிக்கத் தலைநகரில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு நெஞ்சைத் திறந்து நிகழ்த்திய அறுவையில் அசையாமைக்கான மருந்து மட்டுமே தரப்பட்டதை அதன் தாய் பின்னர் அறிந்து உலகறியச் செய்தார்.

அம்மருத்துவர்களைக் கொடியவர் எனக் கூறிவிடுதல் எளிது; ஆனால் அது நேர்மையாகாது. வலிநீக்கும் மருந்துகள் அக்குழந்தைகளின் மூச்சையும் குருதியழுத்தத்தையும் குலைத்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்துக்கு அடிப்படையும் இருந்தது. அதனோடு, நரம்புகள் முதிராத குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்னும் நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. அச்சம் மருத்துவத்தின்பாற்பட்டது, நம்பிக்கையோ வசதியின்பாற்பட்டது. ஒருவர் நோவு நமக்குச் சுமையாகுமிடத்து, அவருக்கு நோவே இல்லை என்று நம்பிவிடுதல் மனித உள்ளத்தின் பழைய பழக்கம். ஏழைக்குப் பசி பழகிவிட்டது என்போரும், உழைப்பாளிக்கு வெயில் உறைக்காது என்போரும் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர்களே.

இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் இளம் மருத்துவர் இந்நம்பிக்கையை ஆய்வுக்கு உட்படுத்தினார். குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக வகுத்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையும் மற்றொன்றுக்கு அதனோடு ஆற்றல்மிக்க வலிநீக்கியும் தந்து ஒப்பிட்ட அவ்வாய்வு 1987-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. வலிநீக்கி பெற்ற குழந்தைகளின் உடலில் கொந்தளிப்பைக் காட்டும் சுரப்புகள் குறைந்திருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்திருந்தன. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பச்சிளங்குழந்தைகளுக்கும் அறுவையின்போது மயக்கமும் வலிநீக்கமும் தர வேண்டும் என அறிவித்தது. வாய் பேசவில்லை, குருதி பேசிற்று. கேட்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை அப்பேச்சு காற்றில் கரைந்துகொண்டிருந்தது.

வாழ்வை எடைபோடலாமா?

அடுத்த வினா இதனினும் கடுமையானது. 1982 ஏப்ரல் 9-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மேலே விவரித்த அதே உணவுக்குழற் குறை அதற்கு இருந்தது. கூடவே மனவளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையும் இருந்தது. அறுவை செய்திருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்தது. மருத்துவர்களிடையே கருத்து வேறுபட்டது. பெற்றோர் அறுவைக்கு இசையவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது; முடிவு செய்யும் உரிமை பெற்றோருக்கே என்று தீர்ப்பாயிற்று. உணவும் அறுவையுமின்றி அக்குழந்தை ஏப்ரல் 15-ஆம் நாள் இறந்தது. பெயர் வெளியிடப்படாத அக்குழந்தையின் பொருட்டு எழுந்த விவாதத்தால் 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இத்தகைய குழந்தைகளுக்கு மருத்துவம் மறுப்பதைக் குறித்துச் சட்டத்திருத்தம் இயற்றிற்று.

பெற்றோர் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். குழந்தையோடு வாழ்நாள் முழுதும் உடனிருந்து சுமப்பவர் அவர்களே. நீதிபதியும் கட்டுரையாளரும் சுமக்கப்போவதில்லை. மேலும், மூச்சை நீட்டிப்பது எப்போதும் கடமையாகிவிடாது. மூச்சுக்குழலே உருவாகாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அத்தகையோர் பெரும்பாலோர்க்கு இன்றைய மருத்துவத்தால் நிலையான வழி காட்ட இயலவில்லை. மீள வழியில்லாத இடத்தில் கருவியைக் கொண்டு துன்பத்தை நீட்டிப்பதும் அருளாகாது. அங்கே நோவைத் தணித்துத் தாயின் மடியில் கிடத்துவதே அறம்.

ஆயின் இரண்டு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். 'இம்மருத்துவம் இக்குழந்தைக்குப் பயன் தருமா?' என்பது ஒன்று. 'இக்குழந்தை மருத்துவத்துக்குத் தகுதியுடையதா?' என்பது மற்றொன்று. முதல் வினாவை மருத்துவரும் பெற்றோரும் சேர்ந்து எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். இரண்டாம் வினாவை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை. புளூமிங்டன் குழந்தையின் உணவுக்குழலுக்கு மருத்துவம் பயன் தந்திருக்கும். அதற்கு மறுக்கப்பட்டது பயனின்மை காரணமாக அன்று. அவ்வாழ்வு போதிய மதிப்புடையதன்று என்னும் எடைபோடலே காரணம்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். அடைக்கலப் பொருளைக் காக்க முடியாமற்போன துயரால் மாதரி தீயில் புகுந்து மாய்ந்தாள் எனக் காப்பியம் கூறுகிறது. அவ்வளவு கடுமையை இன்று எவரும் வேண்டார். ஆனால் அடைக்கலம் என்னும் கருத்தின் உட்பொருள் நமக்கு வழிகாட்டும். அடைக்கலமாக வந்தது நம் கையில் இருக்கும், நம் உடைமையாகாது. அதன் மதிப்பை நாம் நிறுப்பதில்லை; காப்பதும் உரியவரிடம் திருப்பித் தருவதுமே நம் வேலை. பச்சிளங்குழந்தையின் மூச்சு பெற்றோரிடத்தும் மருத்துவரிடத்தும் அடைக்கலமாக வந்த மூச்சு.

நம் மண்ணில்

இவையெல்லாம் தொலைநாட்டு வழக்குகள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்நாட்டில் நம் முன்னோர் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் மருத்துவச்சியின் கைகளில்தான் பிள்ளைகள் பிறந்தன. 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே குறைந்துள்ளது. முன்னாளில் நுரை தள்ளி நீலம் பாரித்து மடிந்த குழந்தைக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள், காத்து கருப்பு அண்டிற்று என்று காரணம் கற்பிக்கப்பட்டது. பிள்ளையை இழந்தவளே பழியையும் சுமந்தாள். கருவில் குழல் பிரியாமற்போனதற்கு எந்தத் தாயும் பொறுப்பல்லள் என்பதை நம் மாணவியர்க்கு உரக்கச் சொல்லும் கடமை ஆசிரியர்க்கு உண்டு.

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரம் ஈயச்சுரங்கமும் தோட்டமும் புதுக்கிராமமுமாக இருந்து நகரமாக வளர்ந்தது. 2005-இல் திறக்கப்பட்ட செர்டாங் மருத்துவமனை இன்று சுல்தான் இட்ரிஸ் ஷாவின் பெயர் தாங்கி அண்மையிலேயே நிற்கிறது. குழந்தை அறுவை மருத்துவர்கள் பணியாற்றும் கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையும், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் எட்டாத் தொலைவில் இல்லை. இக்குறையோடு பிறந்த குழந்தையைத் தலை உயர்த்திக் கிடத்தி, உமிழ்நீரை இடையறாது உறிஞ்சி எடுத்துக்கொண்டே அத்தகைய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியும். மரணமே விதி என்றிருந்த காலத்தில் முடிவெடுக்க எதுவுமில்லை. ஆகவே அறவினாவும் இல்லை. காக்கும் ஆற்றல் வந்தபோது பொறுப்பும் உடன் வந்துவிட்டது.

தமிழகத்தில் 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் கொல்லப்பட்ட பச்சிளங்குழந்தைகளைக் காக்க அரசு தொட்டில் வைக்க வேண்டியதாயிற்று. உடலில் குறை எதுவுமில்லாத குழந்தையையும் எடைபோட்டுத் தள்ளும் தராசு நம்மிடையேயும் இருந்தது என்பதற்கு அத்தொட்டிலே சான்று. அயலார் செய்த தவற்றைச் சுட்டுமுன் நம் தராசையும் நாம் நோக்கல் வேண்டும்.

திருப்பித் தருதல்

அறுவை முடிந்தபின் சில மணி நேரமோ சில நாட்களோ கருவி மூச்சுக் கொடுக்கும். பின்னர் மெல்ல மெல்ல அதன் துணை குறைக்கப்படும். குழந்தை தானாக ஒரு மூச்சு இழுக்கும், பின்னர் இன்னொன்று. போதிய வலிமை வந்ததும் குழாய் வெளியே எடுக்கப்படும். காலத்துக்கு முன் எடுத்தால் குழந்தை திணறும். காலங்கடந்தும் எடுக்காவிடில் நுரையீரல் நோயுறும். மூச்சுத்துணையின் நோக்கமே அத்துணை வேண்டாத நிலையை உண்டாக்குவதுதான். துணைபுரிந்தவர் தம் தேவையின்மையைத் தாமே உருவாக்கி விலகுகிறார். ஆசிரியத் தொழிலுக்கும் இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ?

எம் பள்ளியில் இத்தகைய அறுவை கண்டு பிழைத்த மாணவன் ஒருவன் பயின்றான். இக்குறையோடு பிறந்தவர்களிடத்தில் மூச்சுக்குழலின் சுவர் தளர்வாக இருப்பதால் இருமல் குரைப்பொலி போல ஒலிப்பது உண்டு. உணவு மெதுவாகவே இறங்கும். அவன் இருமும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும்; சிலர் சிரிப்பர். அவனுக்குத் தொற்றுநோய் இல்லை என்பதை வகுப்பாசிரியர் மாணவர்க்கு விளக்கினார். ஓய்வு நேரம் முடிந்து மணி அடித்த பின்னும் அவன் தன் உணவை நன்கு மென்று, தண்ணீருடன் உண்டு முடிக்க இசைவளிக்கப்பட்டது. செலவு ஏதுமில்லாத உதவிகள் இவை. ஆயினும் அறுவை அறையில் ஒருவர் கையை விலக்கி நுரையீரல் விரிய இடம் தந்தாரே, அச்செயலின் தொடர்ச்சியாகவே இவற்றை நான் காண்கிறேன். மருத்துவர் காத்துத் தந்த மூச்சு வகுப்பறையில் நாணத்தால் அடங்கிவிடலாகாது.

நாம் அனைவரும் ஒரு காலத்தில் பிறர் மூச்சால் வாழ்ந்தவர்களே. தாயின் வயிற்றில் நம் நுரையீரல் நீர் நிறைந்து கிடந்தது. அவள் இழுத்த காற்றின் உயிர்வளியே நச்சுக்கொடி வழியாக நமக்கு வந்தது. அவள் நம் தகுதியைக் கேட்டுக் கொடுக்கவில்லை. பிறந்த கணத்தில் அம்மூச்சை நமக்கே உரியதாக்கி விட்டுவிட்டாள். இறுதி நாளிலும் நம்மில் பலர் மூச்சு பிறர் கையில் ஒப்படைக்கப்படலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் மட்டும் நாம் வலியவர், பிறருக்காக முடிவெடுப்பவர்.

வலிமையுள்ள இந்த இடைக்காலத்தில் நம் கையில் வந்து சேரும் உயிர்கள் பல. அவற்றுக்கு இடம் தருவோம். சொல்லப்படாத நோவையும் கேட்போம். தகுதியை எடைபோடாது காப்போம். வலிமை வந்ததும் உரியவரிடமே திருப்பித் தருவோம். மாணவர்க்கு உயிரெழுத்தைக் கற்பிக்கும் நாள்தோறும் இதனையும் சேர்த்துக் கற்பிப்பது நம் கடன்.